அரிசி டப்பாவிலிருந்து வரும் போன்கள்

சாரல் ஆரம்பித்ததிலிருந்து இது ஐந்தாவது போன். செங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஜூன், ஜூலை என்றாலே தண்ணீர் பட்ட போன்கள்தான். குற்றாலத்திலிருந்து வரும், பாலருவியிலிருந்து வரும், மழையில் பைக் ஓட்டியவர்களிடமிருந்தும் வரும். அதில் எனக்குச் சலிப்பில்லை. அரிசிக்குள் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொண்டுவருகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

நேற்று வந்த பையனுக்குப் புளியரை. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நேர்காணல். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பாலருவிக்குப் போன இடத்தில் போன் நனைந்துவிட்டது. நேர்காணலுக்கான கடிதம், சான்றிதழ்கள், கல்லூரியில் செய்த புராஜெக்ட் படங்கள் எல்லாம் அதற்குள். கூட வந்த அம்மா, "நல்லா காஞ்ச பொன்னி அரிசிதான் தம்பி, டப்பாவைத் திறக்கவே இல்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. யாரோ சொன்னதை அக்கறையாகச் செய்திருக்கிறார்.

பின்பக்கத்தைத் திறந்து, சிப்புகளை மூடியிருக்கும் ஷீல்டு தகட்டை எடுத்து, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன். சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. டிஸ்ப்ளே கனெக்டரில் இரண்டு கால்கள் அரித்தே போயிருந்தன. கீழே மைக் ஓட்டையில் அரிசி மாவு ஈரத்தில் பசையாகி அடைத்திருந்தது.

அரிசி ஈரத்தை இழுக்கும் என்கிறார்கள். மூட்டையில் இருக்கும் அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் உண்டு. அது எங்கே போய் இழுக்கும்? போனின் உடம்பைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஷீல்டுக்கு அடியில் நிற்கும் தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசி தொடக்கூட முடியாது. ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. "எங்க மாமா போன் அரிசியில வச்சுத்தான் ஓடுச்சு" என்று ஒருவராவது சொல்வார். சும்மா மேஜையில் வைத்திருந்தாலும் அது ஓடியிருக்கும். அப்புறம் மூன்று வாரம் கழித்து அதே போன் டெட் ஆகி வரும்போது யாருக்கும் அரிசி ஞாபகத்துக்கு வராது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து வருகிறவர்கள் கேரளத்து மட்டா அரிசியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். போர்டின் கதி ஒன்றுதான்.

தண்ணீர் காய்வது முக்கியமில்லை. பேட்டரி மின்சாரம் இருக்க, ஈரமும் இருந்தால் போர்டு அரித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காத்திருக்கும் இரண்டு நாளில்தான் எல்லாம் நடக்கிறது.

ஐபி68, அதாவது தண்ணீரும் தூசியும் புகாத தரம் என்று போட்ட போன்தானே என்று அருவிக்கு அடியிலேயே வீடியோ எடுக்கிறார்கள். அந்தத் தரத்துக்கான சோதனை, அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில் புதுப் போனை வைத்துச் செய்தது. அருவியின் வேகம் வேறு. ஒரு தடவை கீழே விழுந்து மூலை நெளிந்த போனுக்கு, டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அந்தக் காப்பே இருக்காது. தண்ணீர் புகுந்ததற்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. சிம் டிரே பக்கம் இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருக்கிறதா என்பதைத்தான் சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பார்கள்.

நனைந்த உடனே ஆஃப் செய்யுங்கள். ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். சார்ஜர் பக்கமே போகாதீர்கள். கவரையும் சிம்மையும் எடுத்துவிட்டு, துடைத்து, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் எந்த சர்வீஸ் கடையிலாவது திறந்து ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். என்னிடமே வர வேண்டும் என்றில்லை.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒன்று, தயவுசெய்து. மதிப்பெண் சான்றிதழை அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் ஏற்றி வையுங்கள். மற்ற பேப்பர்களை உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பிரின்ட் பையில் இருக்கட்டும்.

அந்தப் பையனுக்குக் கடிதத்தை அவன் மெயிலிலிருந்து என் கடைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். புராஜெக்ட் படங்கள் மட்டும் போனுக்குள்தான் இருக்கின்றன. போர்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இன்று ராத்திரி அந்த கனெக்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை மதியத்துக்குள் சொல்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.