வயர் இல்லாத க்ளூ கன்: சார்ஜ் எங்கே போகிறது?

வயர் இல்லாத க்ளூ கன், அதாவது பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பேட்டரிக் கருவி, வைத்திருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: சார்ஜ் நிற்பதில்லை. நாலு இடத்தில் ஒட்டுவதற்குள் விளக்கு சிவப்பாகிவிடுகிறது. பிளாஸ்டிக்கை உருக்குவது என்றால் சும்மாவா, கரன்ட் இழுக்கத்தானே செய்யும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உருக்குவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பேட்டரியின் பெரும்பகுதி கன்னைச் சூடு ஆறாமல் வைத்திருப்பதிலேயே கரைகிறது. இது புரிந்துவிட்டால் எந்த கன் நமக்குச் சரி, அதை எப்படிக் கையாள்வது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குச்சியிலிருந்து தொடங்கலாம். வழக்கமான பசைக் குச்சியின் உடல் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. என்னும் பிளாஸ்டிக். மெத்தென்ற செருப்புகளின் அடிப்பாகத்தில் நுரையாக இருப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். இதோடு ஒட்டும் தன்மைக்குப் பிசின் வகைகளையும், எளிதில் ஓடுவதற்கு மெழுகையும், சூட்டில் நிறம் மாறிக் கெடாமல் இருக்க வேறு சில பொருள்களையும் சேர்க்கிறார்கள். தண்ணீர் கிடையாது, ஆவியாகும் கரைப்பான் கிடையாது. வெள்ளைப் பசை நீர் உலர்ந்து இறுகுகிறது. இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும் எபாக்சி வேதிவினையால் இறுகுகிறது. இந்தப் பசையோ சூடு ஆறினாலே இறுகிவிடும், மறுபடி சூடுபட்டால் மறுபடி இளகும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒட்டிய பொருள் கழன்று விழுவதும் அதே காரணத்தால்தான்.

கன்னுக்குள் நடப்பது எளிமையான வேலை, ஆனால் நேர்த்தியானது. விசையை அழுத்தினால் ஒரு பிடி குச்சியைக் கவ்வி முன்னால் தள்ளுகிறது. குச்சி ஒரு சிலிக்கோன் ரப்பர் வளையம் வழியாகச் சூடான அலுமினிய அறைக்குள் நுழைகிறது. அறையின் முன்பகுதியில் பசை உருகிக் குழம்பாகியிருக்கும். பின்னால் வரும் குச்சி இன்னும் கெட்டியாகவே இருக்கும். மருந்து ஊசியின் தண்டு போல, அந்தக் கெட்டிப் பகுதிதான் உருகிய பசையை மூக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. அதாவது பம்பு வேலையைப் பார்ப்பதும் பசைதான். நல்ல கன்களில் மூக்குக்குள் சிறிய ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும். விசையை விட்டதும் குண்டு துளையை மூடி ஒழுகலைக் குறைக்கும்.

அடைப்பு எப்படி வருகிறது என்பதும் இங்கேயே விளங்கும். கன்னை வெகுநேரம் சும்மா சூடாக வைத்திருந்தால் சூடு மெல்லப் பின்னால் ஏறி, தண்டாக இருக்க வேண்டிய பகுதியும் இளகிவிடுகிறது. அதன்பின் விசையை அழுத்தினால் பசை முன்னால் போவதற்குப் பதில் வளையத்தைத் தாண்டிப் பின்னால் கசிந்து, ஆறி, பிடியோடு சேர்ந்து இறுகிப்போகும். பக்கவாட்டில் படுக்கவைத்தாலும் கசிவு வரும். மிச்சக் குச்சியைப் பின்பக்கமாக இழுத்து எடுக்கவே கூடாது. இளகிய பசை கூடவே வந்து உள்ளே எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். அடுத்த குச்சியைப் பின்னால் செருகித் தள்ளுவதுதான் முறை.

சரி, இப்போது கணக்கு. 7 மில்லிமீட்டர் தடிமனும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சிறிய குச்சியின் எடை ஏறக்குறைய 3.6 கிராம். அதைச் சுற்றுப்புற வெப்பத்திலிருந்து 170 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய் உருக்க, கிராமுக்குச் சுமார் 350 ஜூல் வீதம், 1,300 ஜூலுக்குள் போதும். கன்னுக்குள் இருக்கும் 3.6 வோல்ட், 2 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 7.2 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 26,000. வகுத்துப் பார்த்தால் 20 குச்சி உருக்கலாம் என்று வரும். நடைமுறையில் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது.

மீதி எங்கே போகிறது? அலுமினிய அறை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதைச் சூடேற்றவே 2,500 ஜூல் வேண்டும். அதாவது ஒவ்வொரு முறை ஆறிப்போய் மறுபடி தொடங்கும்போதும் இரண்டு குச்சிக்கான ஆற்றல் முன்கூட்டியே போய்விடுகிறது. சூடேறிய பிறகு மூக்கும் உடலும் காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அந்த இழப்பு 8 வாட் என்று கொண்டால் நிமிடத்துக்கு 480 ஜூல். மூன்று நிமிடம் மேஜையில் சும்மா நின்றால் ஒரு முழுக் குச்சிக்கான ஆற்றல் காற்றோடு போயிற்று. ஒரு சொட்டுகூட ஒட்டாமல் வைத்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. பொருள்களைத் தேடுவது, அளந்து பார்ப்பது, எங்கே ஒட்டலாம் என்று யோசிப்பது எல்லாமே கன் சூடாக இருக்கும்போது நடந்தால் சார்ஜ் நிற்காதது இயல்புதானே.

அதனால் வயர் இல்லாத கன்னுக்கு ஒரே ஒழுங்குதான்: எல்லாவற்றையும் வெட்டி, துடைத்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, வரிசையாக அடுக்கிவிட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடுவது. ஒரே மூச்சில் ஒட்டி முடித்து அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் அறையில் சூடு கொஞ்ச நேரம் இருக்கும் என்பதால், கடைசி இரண்டு மூன்று ஒட்டுகளை அணைத்துவிட்டே போடலாம்.

வயரோடு வரும் கன்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் அடிப்படையிலான ஒரு பீங்கான் வில்லைதான் சூடேற்றி. குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை குறைவு. கரன்ட் தாராளமாகப் பாயும். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறி, கரன்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். தனியாக வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியே வேண்டாம். அந்தப் பொருளின் படிக அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எத்தனையோ வீட்டுச் சாதனங்களில் ஓசையில்லாமல் உழைக்கும் இந்த வில்லை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

பேட்டரி கன்னில் சிக்கல் வேறு. 230 வோல்ட்டில் 20 வாட் எடுக்க 0.1 ஆம்பியருக்கும் குறைவான கரன்ட் போதும். 3.6 வோல்ட்டில் அதே 20 வாட்டுக்கு ஐந்தரை ஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரன்ட்டைத் தளராமல் தரக்கூடிய செல்லும், அதைத் தாங்கும் சுற்றும் உள்ளே இருக்க வேண்டும். லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் 3 வோல்ட். மின்தடை மாறாத ஒரு சூடேற்றும் சுருளுக்கு, திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத கன்னில் கடைசியில் பாதித் திறன்தான் மிஞ்சும். பசை கெட்டியாக வருகிறது, விசை கனக்கிறது என்றால் அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் விசையைப் பலமாக அழுத்தினால் குச்சியைத் தள்ளும் பிடிதான் உடையும். சார்ஜ் போட்டுக்கொண்டே வேலை செய்யப் பல மாடல்கள் விடாததற்கும் காரணம் இருக்கிறது: 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் தருவது 10 வாட்தான், கன் கேட்பது அதற்கு மேல்.

வாங்கும்போது முன்னால் வந்து நிற்பவை மூன்று வகை. முதலாவது, தாங்கியில் நிற்கும்போது வயர் வழியாகச் சூடேறி, கையில் எடுத்ததும் வயரிலிருந்து விடுபடும் கன். இதில் பேட்டரியே கிடையாது. அறையில் தேங்கிய சூட்டை வைத்துத்தான் வேலை. மேலே போட்ட கணக்கின்படி ஒரு சிறிய கன் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 25 டிகிரிக்கு மேல் ஆறும், புதுக் குச்சி உள்ளே நுழைந்தால் இன்னும் வேகமாக. ஆகவே இரண்டு மூன்று நிமிடம் ஒட்டி, திரும்பத் தாங்கியில் வைக்கும் மேஜை வேலைக்கு இது அருமை. ஏணி மேல் நின்று ஒட்டுபவருக்கு உதவாது. இரண்டாவது, உள்ளேயே செல் வைத்து யு.எஸ்.பி. சார்ஜரில் ஏறும் சிறிய கன், 7 மில்லிமீட்டர் குச்சிக்கானது. அவ்வப்போது ஒரு பொம்மை, ஒரு பெட்டி, ஒரு பிய்ந்த ஓரம் என்று ஒட்டுபவருக்கு இதுவே போதும். மூன்றாவது, டிரில்லுக்குப் போடும் 18 வோல்ட் பேட்டரியை மாட்டிக்கொள்ளும் பெரிய கன். 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணி இருக்கிறது, சிறிய கன்னைப்போல ஐந்து மடங்கு. 11 மில்லிமீட்டர் குச்சியை உருக்கும். கனம்தான் தொல்லை. பேட்டரி ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டுமே இதை வாங்கச் சொல்வேன். மணிக்கணக்கில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒட்டுபவருக்கு வயர் வைத்த கன்னே நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியில் வாட் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: எத்தனை விநாடியில் சூடேறுகிறது, மறந்துவிட்டால் தானாக அணைகிறதா, நிமிர்ந்து நிற்கத் தாங்கி இருக்கிறதா, வெப்பநிலை எவ்வளவு. வயர் இல்லாததை எங்கும் மறந்து வைத்துவிட முடியும் என்பதால் தானாக அணையும் வசதி கட்டாயம். தெர்மோகோல், மெல்லிய துணி, பலூன் போன்றவற்றுக்குச் சுமார் 120 டிகிரியில் இயங்கும் குறைவெப்ப கன் வேண்டும். சாதாரண கன் 190 டிகிரி வரை போகும், அந்தச் சூட்டில் தெர்மோகோல் குழிந்துவிடும். மரம், கெட்டி அட்டை, கனமான பொருள்களுக்கு அந்தக் கூடுதல் சூடுதான் பலம்.

பலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். உருகிய பசை பரப்பை நனைத்துப் பரவி, கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் இறங்கி, அங்கே இறுக வேண்டும். மரத்திலும் அட்டையிலும் குழிகளுக்குப் பஞ்சமில்லை. அவை சூட்டையும் மெதுவாகத்தான் உறிஞ்சும். இரும்புத் தகடு அப்படியில்லை. பசை தொட்ட கணத்திலேயே வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், அடிப்படலம் பரவும் முன்பே உறைந்துவிடுகிறது. மேலே பார்க்கப் பெரிய சொட்டு, கீழே வெறும் தொடுகை. ஓரத்தில் நகத்தை வைத்தால் முழுதாகப் பெயர்ந்து வந்துவிடும். உலோகத்தையும் கண்ணாடியையும் முதலில் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிவிட்டு ஒட்டினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். வழவழப்பான பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பதும் உதவும். பாலித்தீன், சிலிக்கோன், நான்-ஸ்டிக் பூச்சு ஆகியவற்றில் பசை பரவவே தயங்கும். அவற்றோடு போராட வேண்டாம்.

நேரத்தைக் கணிக்க நல்ல வழி பசையைப் பார்ப்பதுதான். பால் நிறக் குச்சி உருகி வரும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆற ஆற ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கலாகும். பிளாஸ்டிக்கின் சில பகுதிகள் மறுபடி படிகமாவதால் வரும் மங்கல் அது. நடுப்பகுதி தெளிவாக இருக்கும்போதே இரண்டு பொருள்களையும் சேர்த்து அழுத்தியாக வேண்டும். நீளமான ஓரத்தை ஒட்டுவதென்றால் முழுக் கோட்டையும் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டியதற்குக் காரணமும் இதுவே. பேட்டரி கன்னில் பசை சற்றுக் குளிர்ச்சியாகவே வரும் என்பதால் இந்த அவகாசம் இன்னும் குறுகல். சிலந்தி நூல் மாதிரி இழுபடுகிறதா? விசையை விட்ட பின் மூக்கைப் பரப்பில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் நூல் அறுந்துவிடும்.

சூட்டுப் பசை விரலில் பட்டால் தண்ணீரைப்போல் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். உடனே பிய்த்தால் தோலும் கூட வரும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ பசை கழலாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கன்னில் வயர் இல்லை என்பதால் அது ஆறிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். கை எட்டாத இடத்தில், நிமிர்த்தி வைக்க வேண்டும்.

லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. வேலை முடிந்து மூக்கு நன்றாக ஆறிய பிறகே சார்ஜ் போடுவது நல்லது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைக்கலாம்.

ஒட்டியதைக் கழற்ற வேண்டி வந்தால் கத்தியை எடுக்க வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் வைத்தால், அது பசைக்கும் பரப்புக்கும் நடுவில் ஊர்ந்து போய்ப் பிடிப்பை விடுவிக்கும். பெயின்ட் பூசிய பொருள் என்றால் மறைவான ஒரு மூலையில் முதலில் சோதித்துவிடுங்கள். துணியில் சிந்தியிருந்தால் ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். பசை விறைத்து, மடித்தால் பட்டென்று உடைந்து வரும்.