வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: என் ஆசிரியரின் நினைவாக

பக்கவாதம் வந்து ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்து வரப்படுபவர்களில் பலர், நடக்க முடியாததைப் பற்றியோ பேச்சு குழறுவதைப் பற்றியோ முதலில் சொல்வதில்லை. தோள் வலி உயிர் போகிறது, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் முறையீடாக இருக்கிறது. சென்ற வாரமும் அப்படி ஒரு பெரியவர் வந்தார். அவருடைய மகன், தாம் வீட்டில் செய்துவரும் பயிற்சியைக் காட்டுவதாகச் சொல்லி, தந்தையின் செயலிழந்த கையை மணிக்கட்டில் பிடித்துத் தலைக்கு மேல் ஒரே வீச்சில் உயர்த்தினார். பெரியவர் கண்களை இறுக மூடிக்கொண்டு பற்களைக் கடித்தார். "காலையும் மாலையும் விடாமல் செய்கிறேன், வலித்தாலும் பொறுத்துக்கொள்கிறார்" என்று மகன் சொன்னபோது அவர் குரலில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த அக்கறையே தந்தையின் தோளைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்த ஆசிரியர் மறைந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. காலையில் நரம்பியல் பிரிவில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் எங்களுக்குப் பாடம் எடுத்து, மாலையில் மறுபடியும் அதே படுக்கைகளுக்குத் திரும்பிச் சென்றவர் அவர். தம் பணிக்காலம் முழுவதும் அவர் ஓயாமல் சொன்ன ஒன்றை நாம் இன்னும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லையே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். அவரை நினைவுகூர இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

தோள் மூட்டைப் பற்றிய முதல் வகுப்பில் அவர் கரும்பலகையின் பக்கமே போக மாட்டார். எங்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் தம் கையை முற்றிலும் தளர விட வேண்டும், மற்றவர் அதை மணிக்கட்டில் பிடித்துத் தூக்க வேண்டும் என்பார். பிறகு அதே கையை, ஓர் உள்ளங்கையை முதுகுப்புறம் தோள்பட்டை எலும்பின் மீது வைத்து அதை முன்னோக்கி நகர்த்தியபடி, மறு கையால் முழங்கையைத் தாங்கி, உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும்படி மெதுவாக உயர்த்தச் சொல்வார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் தம் தோளிலேயே உணர்ந்த பிறகுதான், "உங்கள் தசைகள் நன்றாக இருக்கும்போதே அப்படி இருக்கிறதென்றால், தசையே வேலை செய்யாதவருக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களில் எவரும் ஒரு நோயாளியின் மணிக்கட்டை அலட்சியமாகப் பிடித்ததில்லை.

உடலின் மூட்டுகளிலேயே மிக அதிகமாக அசையக்கூடியது தோள் மூட்டு. அந்த அசைவுக்கு விலையாக அது தன் உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி மிக ஆழமற்றது. தலையை அங்கே பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் தசைகளே. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 3 கிலோ. பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் தசைகள் துவண்டு கிடக்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்த மாத்திரத்திலேயே அந்த மூன்று கிலோவும் மூட்டுறையையும் நார்களையும் கீழே இழுக்கின்றன. சில நாட்களில் தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏற்கெனவே நழுவி நிற்கும் அந்த மூட்டை வைத்துக்கொண்டுதான், படுக்கையிலிருந்து எழுப்புபவர் கையைப் பிடித்து இழுக்கிறார், நாற்காலியில் மேலேற்றுபவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார், சட்டை மாட்டுபவர் கையைப் பின்னால் முறுக்குகிறார்.

இனி, என்னை மிகவும் வருத்தும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். செயலிழந்த கையை எவ்வளவு உயரமாக, எவ்வளவு அதிகமாகத் தூக்கித் தூக்கி விடுகிறோமோ அவ்வளவு விரைவில் அதற்கு உயிர் வந்துவிடும் என்றும், வலி வந்தால் நரம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். இரண்டுமே தவறு. பக்கவாதத்தில் சேதம் ஏற்பட்டிருப்பது மூளையில். கையிலோ தோளிலோ அல்ல. தோளை வேறொருவர் அசைத்துக் கொடுப்பது மூட்டு இறுகாமல் காக்க உதவும், தசை சுருங்காமல் பார்த்துக்கொள்ள உதவும்; ஆனால் மூளை மறுபடியும் அந்தக் கையை ஆளக் கற்றுக்கொள்வதற்கு, நோயாளி தாமே முயன்று, கவனம் வைத்து, பொருளுள்ள ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி வேண்டும். உயர உயரத் தூக்குவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தோள் வலியோ, கை உயிர் பெறுவதன் அறிகுறி அல்ல. பெரும்பாலான நேரங்களில் அது ஏதோ ஒன்று நசுங்குகிறது, இழுபடுகிறது, அழற்சி கண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி.

ஏன் நசுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் கையைப் பக்கவாட்டில் 180 பாகை வரை உயர்த்தும்போது அந்த அசைவு முழுவதும் தோள் மூட்டில் நடப்பதில்லை. ஏறத்தாழ 120 பாகைதான் மூட்டில். மீதி 60 பாகையைத் தோள்பட்டை எலும்பு முதுகின் மீது சுழன்று தருகிறது. கூடவே மேற்கை எலும்பு வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்வதால்தான் அதன் மேடு மேலே உள்ள எலும்புக் கூரையில் இடிக்காமல் தப்புகிறது. வாதம் வந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு பெரும்பாலும் சரியாகச் சுழல்வதில்லை; இறுக்கம் தொடங்கிவிட்டால் மேற்கை எலும்பும் உட்புறமாகவே திரும்பி நிற்கிறது. அந்த நிலையில் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினால், இரண்டு எலும்புகளுக்கும் இடையே இருக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒவ்வொரு தூக்கலிலும் நசுக்கப்படுகிறது. இதைக் காலையும் மாலையும் செய்தால் எந்தத் தோள்தான் தாங்கும்?

இதே காரணத்தால்தான் கப்பியில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து, செயலிழந்த கையைத் தலைக்கு மேல் ஏற்றும் பயிற்சியை எங்கள் ஆசிரியர் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுக்க அனுமதித்ததே இல்லை. 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை ஒப்பிட்டுப் பார்த்தது: கப்பிப் பயிற்சி செய்த குழுவில் 62 விழுக்காட்டினருக்குத் தோள்வலி வந்தது, சிகிச்சையாளர் கையைத் தாங்கி அசைத்துக் கொடுத்த குழுவில் அது 8 விழுக்காடு மட்டுமே. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் அது சொன்ன திசை, படுக்கையோரத்தில் நாங்கள் அன்றாடம் காண்பதோடு பொருந்துகிறது. இவ்வளவு காலம் கழித்தும் இந்தக் கப்பியைக் கதவில் மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பும் சக தொழில்முறையினரை அன்போடு கேட்கிறேன்: தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதிகம் செய்தால் அதிகப் பலன் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளைத் தீவிரமாக எழுப்பி நடமாட வைப்பதைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2015-இல் வெளியானது. ஐந்து நாடுகளைச் சேர்ந்த 2104 நோயாளிகள் அதில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட, தீவிரமாக எழுப்பப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் சற்றுக் குறைவு. எழுப்பவே கூடாது என்பது இதன் பொருளல்ல; அளவும் நேரமும் அறிந்து, சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும் என்பதே.

எங்கள் ஆசிரியரின் பெருமை, அவர் எந்த முறையையும் வேதமாகப் பிடித்துக்கொள்ளாததில் இருந்தது. பக்கவாத இயன்முறைச் சிகிச்சையில் தங்கள் பெயரிலேயே முறைகளை உருவாக்கிய இருவரான, ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பெர்டா போபாத்தையும், சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ராமையும் பற்றி அவர் பேசும்போது, தம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். வாதம் வந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் பழக்கிய காலத்தில், அந்தப் பக்கத்துக்கும் நம்பிக்கை உண்டு என்று சொன்னவர்கள் அவர்கள் என்பார். ஆனால் போபாத் முறை மற்ற முறைகளைவிட மேலானது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும், தாமே அதில் பல ஆண்டுகள் தேர்ச்சி பெற்றிருந்தபோதிலும், எங்களிடம் மறைக்காமல் எடுத்துச் சொன்னவரும் அவரே. ஒரு மாணவி அவரிடமிருந்து கற்றுக்கொண்டதை அவருக்கு எதிராகவே சான்றுடன் எடுத்து வைத்தபோது, அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த வகுப்பில் அந்த மாணவியையே பாடம் எடுக்கச் சொன்னார்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தவற்றை அப்படியே இங்கே தருகிறேன். எழுப்பும்போதும் நகர்த்தும்போதும் கையையோ அக்குளையோ பிடிக்காதீர்கள். இடுப்பையும் தோள்பட்டை எலும்பையும் பிடியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது, மடியில் தலையணை வைத்தோ முன்னால் மேசை போட்டோ முழங்கை வரை தாங்கி வையுங்கள். சட்டை போடும்போது வாதம் வந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். மல்லாந்து படுத்தால் தோள்பட்டைக்கும் கைக்கும் கீழே தலையணை வையுங்கள். வாதம் வந்த பக்கமாகப் படுக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தோளைச் சற்று முன்னால் இழுத்து வைத்து, உடலின் எடை தோள் முனையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காதவரை, அந்தக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

கழுத்தில் மாட்டும் ஸ்லிங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிற்கும்போதும் நடக்கும்போதும் அது கையைத் தாங்கும், அதற்கு மட்டும் போடுங்கள். நாள் முழுவதும் போட்டு வைத்தால் முழங்கை மடங்கி, கை நெஞ்சோடு ஒட்டி, எந்த இறுக்கத்தைத் தவிர்க்க நாங்கள் பாடுபடுகிறோமோ அதையே அது வளர்த்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் எச்சரிக்கைக்குரியது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியும். சூட்டை நோயாளியிடம் கேட்காமல் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்.

விரல்களும் புறங்கையும் வீங்கி, தோல் பளபளத்து, நிறமும் சூடும் மாறி, தொட்டாலே வலிக்கிறது என்றால் அதைச் சாதாரண நீர்க்கோப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். அது தோளையும் கையையும் ஒருங்கே பிடிக்கும் ஒருவகை வலிநோயாக இருக்கலாம். தொடக்கத்தில் கவனித்தால் கட்டுப்படுத்தலாம், முற்றவிட்டால் கை இறுகிப்போகும். மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஏற்றவும் ரத்த அழுத்தம் பார்க்கவும், கூடுமானவரை மறு கையைப் பயன்படுத்தும்படி செவிலியரிடம் பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

எல்லாத் தோள்வலியும் இழுத்ததால் வருவதல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். முன்பே தேய்ந்திருந்த தசைநாண், தசை இறுக்கம், மூட்டுறை ஒட்டிக்கொள்ளுதல் என்று காரணங்கள் பல உண்டு. மூளையின் சேதத்திலிருந்தே எழும் வலியும் உண்டு. அதனால் பார்த்துக்கொள்பவர்கள் தங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டுப் பயந்து கையைத் தொடாமலே விட்டுவிடவும் கூடாது; அசைக்காமல் விட்ட தோள் சில வாரங்களில் இறுகிவிடும். தாங்கி, மெதுவாக, வலியில்லாத எல்லைக்குள் அசைக்க வேண்டும். அந்த எல்லை எது என்பதை இயன்முறை மருத்துவர் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

படித்து முடித்து வெவ்வேறு இடங்களுக்குப் போன பிறகும், சிக்கலான நோயாளி வந்தால் நாங்கள் அவரைத்தான் தொலைபேசியில் அழைப்போம். தோள்வலி குறையவே இல்லை மேடம் என்று சொன்னால், என்ன பயிற்சி கொடுத்தாய், எந்த மின்சிகிச்சை வைத்தாய் என்று அவர் கேட்டதில்லை. "அவருக்குச் சட்டை மாட்டி விடுவது யார்? அவரைப் பார்த்தாயா?" என்றுதான் கேட்பார். விடையும் பல நேரம் அங்கேதான் இருந்தது. சிகிச்சைக்கு மகளோ மகனோ அழைத்து வருவார்கள்; குளிக்க வைத்து, உடை மாற்றி, இரவில் புரட்டிப் படுக்க வைப்பவர் வேறொருவராக இருப்பார். நாங்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் அவர் காதுக்குப் போயிருக்காது.

ஆகவே குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, நோயாளியை நாள்தோறும் கையாள்பவர் யாரோ அவரை அழைத்து வாருங்கள். என் சக தொழில்முறையினரிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆசிரியர் எந்த நோயாளியையும், வீட்டில் பார்த்துக்கொள்பவர் தம் கண் முன்னால் ஒருமுறை சரியாகப் புரட்டி, எழுப்பி, சட்டை மாட்டிக் காட்டும்வரை வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்ததில்லை. அதற்கு இருபது நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அந்த நேரத்தை ஒதுக்குங்கள். காகிதத்தில் பயிற்சிப் படங்களை அச்சிட்டுக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.