ரேடியோவில் கேட்டதைக் கூண்டில் சொல்லாதீர்கள்

ராயபுரத்தில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த கால் மணி நேரத்துக்கு நீங்கள் வாய் திறக்க முடியாது. தலை காசிமேட்டில் மீன் வலையில் சிக்கியது என்பார் ஒருவர். இல்லை, நாய் தோண்டி எடுத்தது என்பார் பக்கத்தில் நிற்பவர். பெட்டியை ஏற்றிப் போன ரிக்‌ஷாக்காரர் எங்கள் தாத்தாவுக்குப் பழக்கம் என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் தூக்கில் போட்டார்கள் என்று கதையை முடித்துவைக்கவும் ஆள் உண்டு. இவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

நடந்தது இது. 1952 ஆகஸ்ட் 28. பாரிமுனைப் பக்கம் ஒரு பேனாக் கடையில் இடம் பிடித்து வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார், ராயபுரம் செமட்ரி ரோட்டில் ஒரு வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை. மறுநாள் எழும்பூரிலிருந்து போன போட் மெயில் ரயிலில், மானாமதுரை பக்கம் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது. திறந்தால் தலையில்லாத உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்துச் சொன்னார்கள். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய கைரேகை அங்கே பதிவில் இருந்தது, அதுவும் ஒத்துப்போனது. அந்த வீட்டுத் தம்பதியை பம்பாயில் பிடித்தார்கள். 1953-ல் வழக்கு நடந்தது. தீர்ப்பளித்தவர் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர். கணவனுக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு. தூக்கு கிடையாது.

ஆனாலும் தூக்குத்தான் எல்லோர் மனதிலும் நிற்கிறது. கதைக்கு அதுதான் பொருத்தமான முடிவு, அதனால் நிற்கிறது.

நான் கிரிமினல் வழக்கறிஞன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, தொழில் ஜார்ஜ் டவுனிலும் உயர்நீதிமன்ற வளாகத்து செஷன்ஸ் கோர்ட்டிலும். எழுபது வருடத்துக்கு முந்தைய வழக்கைத் திண்ணையில் மாற்றிச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் போன வருடம் தெருமுனையில் நடந்ததும் இதே விதமாகத்தான் மாறுகிறது. அந்த மாற்றத்தோடு ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொலையைக் கதையாகக் கேட்கும் ஆசை நமக்குப் புதிதில்லை. ரேடியோவுக்கு முன்னால் கொலைச்சிந்து இருந்தது. ஊரில் பெரிய கொலை ஒன்று நடந்தால் போதும், சில நாளில் மலிவுத் தாளில் நாலைந்து பக்கத்துக்குப் பாட்டு அச்சாகிவிடும். பூக்கடை, பார்க் டவுன் பக்கம் இருந்த குஜிலிக் கடைத்தெருதான் இதற்குப் பேர்போன இடம். அங்கிருந்து வாங்கிப்போய் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். செத்தவர் சாகும்போது என்ன சொன்னார், கொன்றவர் மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் பாட்டில் வரும். யாரும் கேட்டிருக்க முடியாத வார்த்தைகள் அவை. ஆனால் மெட்டோடு காதில் விழுந்தால் அப்படியே தங்கிவிடும்.

அப்புறம் ரேடியோ வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ரேடியோ கிடையாது. நாடகம் உள்ள ராத்திரிகளில், ரேடியோ இருக்கிற வீட்டு வாசலில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். கதவு கிறீச்சிடும் சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், ஒரு அலறல், பிறகு அமைதி. அந்த வீடு எப்படி இருக்கும், அந்த ஆள் எப்படி இருப்பான் என்று யாரும் காட்டமாட்டார்கள். நாமே கட்டிக்கொள்வோம். அதனாலேயே அது மறப்பதில்லை. இன்றைக்கும் அந்த மாடிப்படி எனக்குக் கண்ணில் தெரிகிறது. அப்படி ஒரு மாடிப்படி எங்குமே இல்லை.

உண்மைக் குற்றங்களை ரேடியோ நாடகமாக்குவதில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் எத்தனையோ செய்தன. அந்தப் பழைய ஒலிப்பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ராத்திரியில் கேட்பேன், ரொம்பப் பிடிக்கும். ‘கேங் பஸ்டர்ஸ்’ 1930-களில் ஆரம்பித்தது. நாடகம் முடிந்ததும் தேடப்படும் குற்றவாளிகளின் அங்க அடையாளங்களை வாசிப்பார்கள். 1949-ல் வந்த ‘டிராக்நெட்’ லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கோப்புகளை வைத்து எழுதப்பட்டது. கதை உண்மை, குற்றமற்றவர்களைக் காப்பாற்றப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார்கள். ‘தி பிளாக் மியூசியம்’ 1951-52-ல் ஆர்சன் வெல்ஸ் குரலில் வந்தது. ஸ்காட்லாந்து யார்டு அருங்காட்சியகத்தில் உள்ள ஏதாவது ஒரு சாதாரணப் பொருளிலிருந்து கதை கிளம்பும். பெயரை மாற்றிவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்கிற அந்த ஒரு நாகரிகத்தை நான் மதிக்கிறேன். இன்றைக்கு செல்போனில் வருகிற கொலைக் கதைகளில் பலவற்றில் அது இல்லை. வழக்கு விசாரணைக்கே வந்திருக்காது, அதற்குள் பெயர், படம், தெரு, வீட்டு வாசல் எல்லாம் வந்துவிடும். நடிகர்களை வைத்து நடித்தும் காட்டிவிடுவார்கள்.

சரி, இதில் சாட்சிக்கு என்ன கேடு? ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஒரு கொலை. சாட்சி ஒரு டீ மாஸ்டர். கடையை மூடும் நேரத்தில், சந்திலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார். அன்றைக்குப் போலீசில் அவர் சொன்னது அவ்வளவுதான். முகம் சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். நேர்மையான சாட்சியம்.

வழக்கு கோர்ட்டுக்கு வர வருடங்கள் ஆயின. அன்றைக்குக் கூண்டில் ஏறியவர் சிவப்புக் கோடு போட்ட சட்டை என்றார். கையில் நீளமான கத்தி என்றார். ஓடும்போது திரும்பி முறைத்தான் என்றார். எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், குறுக்கு விசாரணை செய்தவன் நான்.

“சட்டையைப் பற்றிப் போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை?”

“சொன்னேன் சார்.”

“நீங்கள் சொல்லவில்லை, இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறீர்கள் என்றால்?”

“சரியல்ல.”

பிறகு கூண்டில் ஏறிய விசாரணை அதிகாரி, அந்தச் சாட்சி தன்னிடம் சட்டையைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். முக்கியமான ஒன்றை முதலில் சொல்லாமல் விட்டு, பிறகு கோர்ட்டில் சொன்னால் அதை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம். வழக்குக் கட்டில் சிவப்புக் கோடு போட்ட சட்டை எங்குமே இல்லை. கைப்பற்றியது வெள்ளை பனியன். அந்தச் சட்டை, அதே கொலையை நடித்துக் காட்டிய ஒரு நிகழ்ச்சியில் நடிகர் போட்டிருந்தது.

வெளியே வராந்தாவில் அவர் என்னிடம் வந்தார். கோபமாக வரவில்லை, குழம்பிப்போய் வந்தார். “சார், நான் பொய் சொல்லலை. கண்ணை மூடினா அந்தச் சட்டை தெரியுது” என்றார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் சட்டையோடு சேர்ந்து, அவர் உண்மையிலேயே பார்த்த லுங்கியும் ஓட்டமும் கோர்ட்டில் நிற்காமல் போயின. எதிரி விடுதலை. என் கட்சிக்காரருக்காக நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இறந்துபோன பையனின் அம்மா அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் பிள்ளை வழக்கு ஒரு சட்டையால் விழுந்தது என்பது அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படங்களைப் போட்டுக்காட்டி, பார்த்தவர்களிடம் கேள்வி கேட்டார்கள். சிலரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்றும், சிலரிடம் ‘அடித்து நொறுக்கியபோது’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. கேள்வியில் வந்த ஒரு சொல்லுக்கே இந்தப் பலம் என்றால், இசையோடு நடித்துக் காட்டும் நிகழ்ச்சிக்கு எவ்வளவு இருக்கும்! தெரிந்தது மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. எங்கிருந்து தெரிந்தது என்பது அழிந்துபோகிறது.

சாட்சியம் சரியில்லை என்றால் அப்பாவிக்கும் ஆபத்துதான். பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கை வயதானவர்கள் இன்னும் பேசுவார்கள். 1944 நவம்பரில் வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போனவரைக் குத்தினார்கள், மறுநாள் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். சினிமா நட்சத்திரங்கள் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விழுந்தது. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி வந்து, 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். அரசுத் தரப்பு சாட்சியத்தை நம்ப முடியாது என்பதே காரணம். குத்தியது யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற யாரைக் கேட்டாலும் ‘எனக்குத் தெரியும்’ என்று ஒரு பெயர் சொல்வார்.

வடசென்னைக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்றாலே கத்தியைக் காட்டித்தான் கதை சொல்கிறார்கள். அதனால் எங்கள் பையன்கள் வேலைக்கு முகவரி எழுதத் தயங்குகிறார்கள். எங்கள் பகுதிச் சாட்சிகளும் ‘அங்கே இதெல்லாம் சகஜம்’ என்ற பார்வையோடேயே எதிர்கொள்ளப்படுகிறார்கள். இங்கே ஒரு குடும்பத்தில் சாவு விழுந்தால் அது எவ்வளவு பெரிய இடி என்பது ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் எதையாவது பார்க்க நேர்ந்தால் 112-க்கோ 100-க்கோ சொல்லுங்கள். அன்று ராத்திரியே ஒரு தாளில் எழுதிவையுங்கள். தேதி, நேரம், நீங்கள் நின்ற இடம், தெருவிளக்கு எரிந்ததா, எவ்வளவு தூரம், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள். பார்க்காததையும் எழுதுங்கள்: ‘முகம் தெரியவில்லை’ என்பதும் ஒரு விவரம்தான். சம்பவத்தை ஒட்டித் தன் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாட்சிக்குச் சட்டத்தில் இடமுண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 159-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எழுதி முடிக்கும் வரை பக்கத்து வீட்டில் கூடிப் பேசாதீர்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றிய வீடியோ எதையும் பார்க்காதீர்கள், வாட்ஸ்அப்பில் வந்தால் திறக்காதீர்கள்.

போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். அதில் உங்கள் கையெழுத்து வாங்கமாட்டார்கள், சட்டமே அப்படித்தான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் ஆளை அடையாளம் காட்டும் அணிவகுப்புக்குப் புழல் சிறைக்குக் கூப்பிட்டால், அதற்கு முன்பே சந்தேகப்படும் ஆளின் படத்தை டிவியிலோ போனிலோ பார்த்துவிட்டிருந்தால், மாஜிஸ்திரேட்டிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூண்டில் ‘ஞாபகமில்லை’ என்று சொல்ல பயப்படாதீர்கள். அது முழுமையான பதில். தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, சம்பவத்தன்று காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு வரி எழுதி வைத்திருந்தார். சத்தம் கேட்டது, கதவைத் திறந்தேன், இவர் ஓடியதைப் பார்த்தேன், கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அன்றும் எதிரித் தரப்பு நான்தான். கத்தி இருந்ததாகப் பத்திரிகையில் வந்ததே என்று இழுத்துப் பார்த்தேன். “அது பேப்பர்ல வந்தது. நான் பார்க்கலை” என்றார். அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன், அதே பதில். அவருடைய நாலு வரியும் தீர்ப்பில் அப்படியே ஏற்கப்பட்டது.

சாட்சி சொன்னால் வீட்டுக்கு ஆள் வருவார்களோ என்ற பயம் நம் பகுதியில் நிஜமான பயம். 2018-ல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடலாம். மனு எழுதத் தெரியவில்லை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குப் பேசுங்கள். சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம், மிரட்டல் வந்த அன்றே பேசுங்கள்.