ஏற்றத்துக்குப் பயந்து ஏரியைச் சுற்றிய ரயில்

சைபீரியா வழியாகப் பசிபிக் கடல் வரை ரயில் விட வேண்டும் என்று ரஷ்யா 1891-இல் வேலையைத் தொடங்கியது. 1900-க்குள் பைக்கால் ஏரியின் இரு கரைகளுக்கும் தண்டவாளம் வந்துவிட்டது. நடுவில் ஏரி மட்டும் மிச்சம். 636 கி.மீ. நீளம், 1,642 மீட்டர் வரை ஆழம். பாலம் கட்டுவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. தெற்கு முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

அதுவரைக்கும் கப்பல். இங்கிலாந்தில் செய்து, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, ஏரிக்கரையிலேயே மறுபடி பூட்டிய ‘பைக்கால்’ என்ற பனி உடைக்கும் கப்பல், ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனது. ஆனால் நடுக்குளிர்காலத்தில் பனி தடித்துவிட்டால் அதுவும் கரையில்தான் நிற்கும்.

1904 பிப்ரவரியில் ஜப்பானுடன் போர் மூண்டது சரியாக அந்த நேரம் பார்த்து. படைகளை அனுப்பியாக வேண்டும். அதனால் பனியின் மேலேயே சுமார் 40 கி.மீ.க்குத் தண்டவாளம் போட்டார்கள். பனித்தகடு மிதக்கும் பொருள். மேலே பாரம் வந்தால் சற்று வளைந்து கீழிறங்கும், அப்போது அடியில் உள்ள தண்ணீர் அதை மேல்நோக்கித் தாங்கும். பாரம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவு பத்திரம். நீளமான கட்டைகளைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்ததன் காரணம் இதுதான். பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. என்ஜினின் எடை ஒரே இடத்தில் குவிவதால், என்ஜின்களை மட்டும் பிரித்துத் தனித்தனியாகக் கொண்டுபோனார்கள். குளிர் கூடக் கூடப் பனி சுருங்கி வெடிக்கும், தண்டவாளம் கோணும். ஆட்கள் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நிரந்தரப் பாதை. மேற்குக் கரையில் செங்குத்துப் பாறைகள் நேராகத் தண்ணீரில் இறங்குகின்றன. அந்த விளிம்பிலேயே எதற்காகப் பாதை போட வேண்டும், மலைமேல் ஏறிப் போயிருக்கக் கூடாதா?

இங்கேதான் ரயிலின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்பில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. 1,000 டன் ரயிலைச் சமதளத்தில் மெதுவாக நகர்த்த, இரண்டு மூன்று டன் விசையே போதும். 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சரிவு அது. அதற்கே இன்னும் 10 டன் விசை வேண்டும். அதாவது, தேவை நான்கைந்து மடங்காகிறது. அதே வழுக்கல் காரணமாக, ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் என்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நீராவி என்ஜின்களை நம்பியிருந்த காலத்தில், சமமான பாதைக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்றிருந்தது. ஏரியின் நீர்மட்டத்தைவிடச் சமமான கோடு அந்தப் பகுதியில் வேறில்லை.

அந்த விலை சாதாரணமானதல்ல. கரையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனையையும் துளைக்க வேண்டும், ஒவ்வொரு ஓடைக்கும் பாலம் கட்ட வேண்டும். ஏரிக்கரை ஊர்களான போர்ட் பைக்காலிலிருந்து ஸ்லுத்யான்கா வரையிலான சுமார் 85 கி.மீ.க்குள் இன்றும் 38 சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. மிக நீளமான பொலவீனி சுரங்கம் 778 மீட்டர். அலை அரிக்காமல் இருக்கவும் பாறை சரியாமல் இருக்கவும் தடுப்புச் சுவர்கள், கல் விழும் இடங்களில் பாதைக்கு மேல் கூரை போன்ற கல் மண்டபங்கள். சாலையே இல்லாததால் கல்லும் வெடிமருந்தும் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் பனிமேலும் வந்தன. 1904 இலையுதிர்காலத்தில் அவசரமாக ரயில் ஓடத் தொடங்கியது, மறு ஆண்டு முழுப் போக்குவரத்து. இத்தனை நெருக்கடியிலும் கல்தச்சர்கள் சுரங்க முகப்புகளை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.

1950-களில், ஏரிக்கு மேற்கே உள்ள இர்குட்ஸ்க் நகரில் அங்காரா ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு அது. அதன் கரையோரம் இர்குட்ஸ்கிலிருந்து போர்ட் பைக்கால் வந்த பாதை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அதற்குள் இர்குட்ஸ்கிலிருந்து ஸ்லுத்யான்காவுக்கு மலைமேல் ஏறி இறங்கும் புதிய பாதை தயாராகியிருந்தது. 1956-இல் மின்மயமானதும், அன்று பயந்து ஒதுங்கிய ஏற்றத்தில் கனரக ரயில்கள் ஏறத் தொடங்கின. மின்சார என்ஜின் தண்ணீரும் நிலக்கரியும் சுமக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்து வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது.

ஸ்லுத்யான்காவுக்குக் கிழக்கே உள்ள கரைப்பாதை இன்றும் சைபீரிய முதன்மை வழித்தடம்தான். சுரங்கங்கள் நிறைந்த மேற்குத் துண்டு போர்ட் பைக்காலோடு முட்டி நிற்கும் கிளைப்பாதையாகிவிட்டது. சுற்றுலா ரயில்களோடு, ‘மதான்யா’ என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் உள்ளூர் வண்டியும் அதில் ஓடுகிறது. கரையோரக் கிராமங்கள் பலவற்றுக்கு இன்னும் சாலை கிடையாது, மளிகைச் சாமான்கூட அந்த வண்டியில்தான் வந்தாக வேண்டும்.