கோட்டைக் கல்லில் பல் தடம்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குப் போயிருக்கிறார். அங்கே சில கற்களின் ஓரத்தில், யாரோ கடித்துவிட்டுப் போன மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். "இது என்னம்மா?" என்று பையன் கேட்க, பக்கத்தில் நின்ற ஒருவர், "1806ல நடந்த கலகத்துல சுட்ட குண்டுத் தடம் தம்பி" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஹம்பியிலும் எகிப்திலும் உள்ள இதே மாதிரித் தடங்களைக் காட்டி, 'மனிதனால் முடியாத வேலை, வேற்றுக்கிரகவாசிகளின் தொழில்நுட்பம்' என்கிறது ஒரு வீடியோ. எதை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்ப வேண்டாம். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்ததும் உண்மைதான். ஆனால் ஈயக் குண்டு கருங்கல்லில் பட்டால் தட்டையாகச் சில்லு பெயரும், அவ்வளவுதான். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி குழி விழ வேண்டுமென்றால் ஸ்கேல் வைத்துத்தான் சுட்டிருக்க வேண்டும்.

அவை ஆப்புக் குழிகள். சரியாகச் சொன்னால் பாதிக் குழிகள். பாறையில் வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பு வைத்து அடித்துப் பிளந்தபோது, ஒவ்வொரு குழியும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதியாகப் போனது. மீதிப் பாதி வேறொரு கல்லில் இருக்கிறது.

சரி, இவ்வளவு கெட்டியான கல் கைப்பிடி அளவு இரும்புக்கு எப்படி மசிகிறது?

வேலூர்க்காரர்களுக்குப் பாறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்' என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்துவிட்டதால் கடைசிக் கேலி செல்லாது. முதல் கேலி இன்றும் செல்லும். இங்கே சுற்றிலும் தெரியும் பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றில் ஒரு வகைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்தக் கல்லின் உறவுக்காரப் பாறை நம் பல்லாவரத்தில் இருக்கிறது.

இந்த வகைக் கருங்கல்லை அழுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ வரை தாங்கும். அதையே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் 100 கிலோ சுமாருக்கே பிய்ந்துவிடும். நசுக்க முடியாத கல்லைப் பிய்க்க முடியும். பழைய கட்டடங்களின் தோற்றமே இந்த ஒரு பலவீனத்தால் வந்ததுதான். உத்தரத்தின் மேல் சுமை ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், கல் அதைத் தாங்காது. அதனால்தான் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூண்கள் அத்தனை நெருக்கம். எகிப்தின் கர்னாக் கோயிலில் ஒரே மண்டபத்துக்கு 134 தூண்கள். அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல, கூரை விழாமல் இருக்கவும்தான்.

ஆப்பின் வேலை, அழுத்தத்தை இழுவையாக மாற்றுவது. மேலிருந்து அடிக்கிறோம், ஆப்பின் சரிவு அந்த அடியைப் பக்கவாட்டுக்குத் திருப்புகிறது. பத்து டிகிரி கூர்மையுள்ள ஆப்பு, கணக்குப்படி, ஒவ்வொரு பக்கமும் ஐந்து மடங்குக்கு மேல் தள்ள வேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனாலும் மிஞ்சுவது போதும். ஏன் போதும் என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகே இருக்கிறது.

துணிக்கடையில் கவனித்திருப்பீர்கள். இரண்டரை மீட்டர் கேட்டால், கடைக்காரர் அளந்து, ஓரத்தில் கத்தரியால் 'சுக்'கென்று ஒரு வெட்டு வைப்பார். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் 'சர்'ரென்று கிழிப்பார். அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழித்துப் பாருங்கள், முடியாது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் வெட்டு இல்லாமல் போனால் குளியலறையில் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறோமே, அதுவும் இதுதான். இழுவிசை ஒரு பொருளுக்குள் பரவலாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒரு குழி வந்தால் அது சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிச் சுற்றும்போது குழியின் கூர்முனையில் எல்லாம் வந்து நெரிசலாகக் குவியும், தேர்த்திருவிழாக் கூட்டம் தெருமுனையில் நெருக்கியடிப்பதைப் போல. 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் இதற்குச் சூத்திரமே எழுதினார். அவருடைய கவலை கப்பல் தகடுகளில் விழும் விரிசல். அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள குழி என்றால், முனையில் இழுவை 21 மடங்காகும்.

1921இல் கிரிஃபித் என்பவர் கண்ணாடியை வைத்து அடுத்த படியைக் கண்டார். விரிசல் நீளமாக நீளமாக, அதை மேலும் நீட்டுவதற்குத் தேவைப்படும் விசை குறைகிறது. அதாவது முதல் விரல் அளவுதான் கஷ்டம், பிறகு விரிசல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஓடும். குழிகளை ஏன் வரிசையாக எடுக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒரு குழியின் முனையில் கிளம்பும் விரிசலுக்கு எதிரிலேயே அடுத்த குழியின் விரிசல் வந்துகொண்டிருக்கிறது. தபால் தலைகளுக்கு நடுவில் இருக்கும் ஓட்டை வரிசை மாதிரி, பாறைக்கு எந்த வழியாகப் பிரிய வேண்டும் என்று எழுதிக் காட்டிவிடுகிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்பு அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெரியவர் கல் உடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சுத்தியால் பாறையை அங்கங்கே தட்டிக் கேட்டார். 'டொக்' என்ற இடத்தை விட்டுவிட்டு, 'ணங்' என்ற இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு. உள்ளே விரிசல் இருந்தால் அதிர்வை அது விழுங்கிவிடும், அதனால் ஓசை மங்கும். சிற்பிகள் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதும் இந்தச் சோதனையால்தான். பெயர் எப்படியோ, காது சொல்வது உண்மை. அப்புறம் கல்லின் ஓட்டம் பார்த்தார். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களும் மைக்கா தகடுகளும் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தப் போக்கில் பிளந்தால் சுலபம், குறுக்கே பிளந்தால் பாடு.

ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குழியாக ஒன்பது குழிகள். ஒன்பது ஆப்புகள். வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி, திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் ஓசையின் சுருதி ஏறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது சுற்று முடிந்ததும் சம்மட்டியைப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்தார்.

"இன்னும் உடையலயே?" என்றேன்.

"இரு சார். அதுக்கு டைம் குடு. அவசரப்பட்டா கோணிக்கினு பூடும்."

பீடி பாதி எரிவதற்குள், யாரும் தொடாமல், பாறை 'டப்' என்றது. ஒன்பது குழிகளையும் சேர்த்து, தலைமுடி அளவில் ஒரு கோடு.

அந்தப் பீடி நேரத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிக்கனும் ஆக்ஸிஜனும் கைகோத்து நிற்கும் வலை. விரிசலின் நுனியில் அந்தக் கைகள் விறைப்பாக இழுபட்டுக்கொண்டிருக்கும், ஆனால் விடாது. காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல விரிசலுக்குள் நுழைகிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு அந்த நுனிக்குப் போய்ச் சேர்ந்து, விறைத்து நிற்கும் பிணைப்பில் புகுந்து, தன்னையும் இரண்டாக்கிக்கொண்டு அதையும் பிரித்துவிடுகிறது. அடுத்த பிணைப்புக்குச் சுமை கூடுகிறது. அங்கேயும் ஒரு தண்ணீர் மூலக்கூறு. இப்படி ஒவ்வொரு கையாக அவிழ்ந்து, விரிசல் கிரிஃபித் சொன்ன நீளத்தை எட்டியதும் மிச்சமெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பெரியவர் அடித்தது பாதி வேலை. மீதியை ஈரக் காற்று செய்தது.

இதே விரிசல் எதிரியாகவும் வரும். எகிப்தின் அஸ்வான் கல்குவாரியில் பாதி செதுக்கிய ஒரு தூபி இன்னும் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், முடித்திருந்தால் எடை ஆயிரம் டன்னுக்கு மேல். அவர்களிடம் இரும்பு இல்லை. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்துப் பொடியாக்கியே அகழி எடுத்தார்கள். நடுவில் விரிசல் தெரிந்தது, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே காணும் ஆப்புக் குழிகளில் பலவும் இரும்பு வந்த பிற்காலத்தவை என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்றால் விரிசல் கண்டு கைவிட்டிருக்க மாட்டார்கள் இல்லையா?

மாமல்லபுரத்திலும் முடிவடையாத குகைகளைத் தேடிப் போய்ப் பாருங்கள். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். முடிந்த சிற்பத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். வேலை எப்படி நடந்தது என்று நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் தனியாகக் கிடந்த ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் பெருமாளுக்குக் கோயில் எடுத்தான். மன்னன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. குடைந்தவர்கள் விட்டுப்போனது உளித்தடம் மட்டுமே.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. விமான இறக்கையில் விரிசல் எப்படி வளர்கிறது என்று ஆராயப் பணம் கிடைக்கிறது, கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் காதால் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் கல்குவாரிகளில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கும்போதே, அவர்களோடு உட்கார்ந்து அளந்து பதிவு செய்ய ஒரு சிறு திட்டத்துக்குக்கூட யாரும் பணம் ஒதுக்குவதாகத் தெரியவில்லை. அந்தத் தொழிலில் பறக்கும் குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும், அதனால் அவர்களுக்கு அவகாசமும் அதிகம் இல்லை. வேற்றுக்கிரக வீடியோக்கள் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். அந்தப் பெரியவரின் உழைப்பை எடுத்து, இல்லாத ஒருவன் கணக்கில் எழுதுகின்றன.

வாசகிக்கு ஒரு வேலை. மறுபடியும் கோட்டைக்குப் போகும்போது காலையில் ஏழு, ஏழரை மணிக்குப் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் குழிகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். பையனை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டையாக, சதுரமாக, உள்ளே சொரசொரவென்று இருந்தால் உளியால் எடுத்தது. நீளமாக, குழாயை நெடுக வெட்டிய மாதிரி வழவழவென்று இருந்தால் இயந்திரத் துளை, பின்னாளில் பழுது பார்த்தபோது வைத்த கல்லாக இருக்கும். சில குழிகளில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு அரை விரல் தள்ளி இருக்கும். அதையும் காட்டுங்கள்.