நிறச்செறிவு: 'தெவிட்டல்' ஏன் பொருந்தாது?

போன கிழமை திருகோணமலையில் ஒரு படத்திருத்தப் பயிற்சிக்குப் போயிருந்தேன். படத்தில் நிறம் எவ்வளவு தூக்கலாக நிற்கிறது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு, கையில் தந்த தாளில் 'சச்சுரேஷன் - நிறத் தெவிட்டல்' என்று அச்சடித்திருந்தார்கள். இந்தச் சொல்லைக் காணொளிப் பாடங்களிலும் பலமுறை கேட்டாயிற்று. பக்கத்தில் இருந்த பிள்ளை, "தெவிட்டுறது வாய்க்குத்தானே அண்ணா, படத்துக்கு எப்பிடித் தெவிட்டும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'சட்டுர்' என்றால் வயிறு நிறைந்த நிலை. அதிலிருந்து வந்த வினைக்கு நிரப்புதல் என்று பொருள். வேரைப் பற்றி இவ்வளவு போதும். மொழிபெயர்த்தவரோ அந்த வேரை விட்டு அசையவேயில்லை. வயிறு நிறைந்தால் தெவிட்டும், ஆகவே தெவிட்டல் என்று முடிவுகட்டிவிட்டார்.

வேதியியலில் இது பரவாயில்லை. தமிழ்நாட்டு நூல்கள் 'தெவிட்டிய கரைசல்' என்கின்றன, நாங்கள் பள்ளியில் 'நிரம்பிய கரைசல்' என்று படித்தோம். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். அந்தச் சொல் குறிப்பது ஓர் எல்லையை.

நிறத்தில் நாம் பேசுவது எல்லையை அல்ல, அளவை. ஒரு நிறம் சாம்பலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதுதான் அந்த அளவு. நிறங்களை எண்களால் குறிக்க 1978இல் கணினி வரைகலை அறிஞர் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்ட நிறமாதிரியில் இது 0இலிருந்து 1 வரை போகிறது; 0 என்றால் நிறமே இல்லை, வெறும் சாம்பல். ஃபோட்டோஷொப்பில் இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியை (ஸ்லைடரை) -100க்கு இழுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். இதைத் தமிழில் 'தெவிட்டல் 20 சதவீதம்' என்று சொல்லிப் பாருங்கள். இருபது சதவீதம் தெவிட்டுமா யாருக்காவது? தெவிட்டினால் தெவிட்டியதுதான்.

உச்சி வெயிலில் கோணேசர் கோயிலடியில் நின்று இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவையும் கீழே கடலையும் எடுத்தால், கண்ணுக்குத் தெரிந்த நீலம் படத்தில் வெளிறிக் கிடக்கும். அதை மீட்கத்தான் இந்தக் கம்பியைக் கொஞ்சம் கூட்டுகிறோம். 'தெவிட்டலைக் கூட்டு' என்றால் பார்க்கச் சகிக்காதபடி செய் என்றல்லவா பொருள்? உண்மையில் தெவிட்டுகிற படங்களும் இருக்கின்றன. மணப்பெண்ணின் முகம் செம்மஞ்சளாகிப் போன கலியாண அல்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சொல்ல வேண்டிய சொல்லை அளவுக்கம்பியில் செலவழித்துவிட்டால், மிஞ்சிப்போனதை எந்தச் சொல்லால் கண்டிப்பது?

சிலர் 'நிற அடர்த்தி' என்கிறார்கள். அதுவும் குழப்பும். அடர்நீலம் என்றால் தமிழருக்குக் கருமை கலந்த நீலம். அது வெளிச்சம் குறைந்த கதை. தமிழ் இந்த வேறுபாட்டை எப்போதோ கண்டுகொண்ட மொழி. கரும்பச்சை வேறு, இளம்பச்சை வேறு, மங்கிய பச்சை வேறு. மழைக்குப் பின் தம்பலகாமத்து வயலைப் பார்த்து 'பச்சைப்பசேல்' என்கிறோமே, அதில் இருட்டும் இல்லை, வெளிறலும் இல்லை. பச்சை மட்டும் முழுதாக நிற்கிறது. செக்கச்செவேல் என்பதும் அப்படித்தான். சாம்பலிலிருந்து விலகி நிற்கும் அந்த அளவைக் குறிக்க நேரான சொல் 'செறிவு'. நெருங்கி நிறைந்திருப்பது. கூட்டும் செயல் 'செறிவூட்டல்'.

செறிவு ஏற்கனவே கரைசலுக்கு உரிய சொல்லாயிற்றே என்று கேட்பார்கள். அதனால்தான் அது பொருந்துகிறது. ஒரு குவளை நீரில் எவ்வளவு சாயம் என்பது கரைசலின் செறிவு. சாம்பலோடு ஒப்பிட எவ்வளவு தூய நிறம் என்பது நிறத்தின் செறிவு. இரண்டுக்கும் ஒரே படிமம்.

'நிரம்பல்' என்ற எங்கள் பள்ளிச் சொல்லுக்கும் கமெராவில் ஒரு வேலை இருக்கிறது. வெளிச்சத்தைப் பதியும் உணரியின் (சென்சரின்) ஒவ்வொரு புள்ளியும் ஓரளவு மின்னணுக்களைத்தான் கொள்ளும். வெளிச்சம் மிஞ்சினால் அது நிரம்பிவிடும், அந்த இடத்தின் விபரம் அழிந்துபோகும். ஆங்கிலத்தில் இதற்கும் அதே சச்சுரேஷன்தான். தமிழில் பிரித்துச் சொல்ல வழி இருக்கும்போது ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும்?

அதே தாளில் 'வைப்ரன்ஸ்' என்பதை 'அதிர்வு' என்று போட்டிருந்தார்கள். இதுவும் வேரைத் தோண்டியதன் விளைவு. லத்தீனில் அதற்கு அதிர்தல் என்று பொருள். ஆனால் படத்தில் எதுவும் அதிரவில்லை. மங்கிய நிறங்களைக் கூடுதலாகவும், ஏற்கனவே செறிந்தவற்றைக் குறைவாகவும் உயர்த்தி, தோலின் நிறத்தைப் பெரும்பாலும் காப்பாற்றும் கம்பி அது. நான் 'மென்செறிவூட்டல்' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்வேன், அதிர்வை மட்டும் ஏற்கமாட்டேன்.

அப்புறம் 'மேம்படுத்து'. கூர்மையாக்கினாலும், வெளிச்சம் கூட்டினாலும், நிறம் ஏற்றினாலும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். படம் மேம்பட்டதா கெட்டதா என்பதைப் பார்ப்பவர் சொல்லட்டும். 'கலரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ' என்று ஸ்டூடியோவில் சொல்கிற ஆளுக்குத் தனக்கு என்ன வேண்டுமென்று தெரியும். 'நிறச்செறிவைக் கூட்டு' என்று எழுதியிருந்தால், பொத்தானை அழுத்துமுன்னே அவருக்கு விளங்கிவிடும்.