பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ரிசீவர் வாங்காதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். புத்தம்புது ஏ.வி. ரிசீவர் (டி.வி., பிளேயரின் சவுண்டைப் பெருக்கி ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), படத்தில் சண்டைக் காட்சி வந்தாலே ‘புரொடெக்ட்’ என்று காட்டி, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. ஏன் இந்த மாடலை எடுத்தீர்கள் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: “இது 150 வாட்ஸ், மற்றது வெறும் 80 தான் சார்.” ரிசீவரில் பழுதே இல்லை. ஸ்பீக்கரின் மின்தடை குறைந்தபட்சம் 6 ஓம் இருக்க வேண்டும் என்று கேட்கும் மாடல் அது, வாங்கியவர் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள் 4 ஓம். ஓம் குறைந்தால் ரிசீவர் அதிகக் கரண்ட் தள்ள வேண்டும்.

அந்த 150ஐ எப்படி அளந்தார்கள் என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதி, 10% டிஸ்டார்ஷன் (சவுண்ட் சிதைவு), ஒரே ஒரு சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர்). 10% டிஸ்டார்ஷனில் சவுண்ட் கிழியும். அந்த அளவில் யாரும் படம் பார்க்க முடியாது. அந்த 80 வாட்ஸோ 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு அலைவரிசையில், 0.08% டிஸ்டார்ஷனில், இரண்டு சேனல்கள் சேர்ந்து ஓடும்போது அளந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தப்பு. 8 ஓம், முழு அலைவரிசை, இரண்டு சேனல் என்று போட்ட வரியை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். எல்லாச் சேனலும் ஒன்றாக முழங்கினால் அதுவும் இறங்கும். பவர் சப்ளை ஒன்றுதானே.

சரி, ஒரே முறையில் அளந்தே ஒன்று 80, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்வோம். சத்த அளவில் வித்தியாசம் 1 டெசிபல். காதுக்குத் தெரிவதே கஷ்டம். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸில் ஸ்பீக்கர் தரும் சத்தம்) 87 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், ஆம்ப்ளிஃபயரை மாற்றாமலே அந்த 3 டெசிபல் வந்துவிடும். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் ஸ்பீக்கரைச் சொல்லுங்கள் என்கிறேன்.

சேனல் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். 7.2 ரிசீவரில் உள்ளே இருப்பது ஏழு ஆம்ப்ளிஃபயர், அந்த 2 சப்வூஃபருக்கான அவுட்புட். அட்மாஸுக்காக (மேலிருந்தும் சவுண்ட் வரும் டால்பி முறை) கூரையில் இரண்டு ஸ்பீக்கர் போட்டால் அது 5.1.2 ஆகிவிடும், அதாவது சுற்றிலும் ஐந்து, ஒரு சப்வூஃபர், கூரையில் இரண்டு. 7.1.2 வேண்டுமென்றால் ஒன்பது சேனல் வேண்டும், அல்லது ஒன்பது சேனலைப் பிரித்துக் கொடுக்கும், பிரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கான இணைப்பு) இருக்கும் மாடலாகப் பார்த்துத் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்க வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. 2.1 என்ற ஸ்டிக்கர் மட்டும் போதாது. கேம் விளையாடுபவர்கள், 4கே 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 ஃபிரேம்) எத்தனை இன்புட்டில் வேலை செய்யும் என்று கேளுங்கள். சில மாடல்களில் எல்லா இன்புட்டிலும் இருக்காது. மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். டி.வி.யின் ஆப்களில் படம் பார்ப்பவர்களுக்கு சாதாரண ஏ.ஆர்.சி.யே (டி.வி.யின் சவுண்டை அதே எச்.டி.எம்.ஐ. ஒயரில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி) பெரும்பாலும் போதும். புளூரே பிளேயரை டி.வி.யில் செருகி ட்ரூஎச்டி போன்ற தரம் குறையாத சவுண்டை எதிர்பார்த்தால் அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. தேவை, அதுவும் டி.வி., ரிசீவர் இரண்டிலும். பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம், தயவுசெய்து மூடிய கேபினட்டுக்குள் வைக்காதீர்கள். மேலே காற்றுப் போக இடம் விடுங்கள், அதன் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள். கேபினட்டின் ஆழத்தையும் வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள், பின்னால் எச்.டி.எம்.ஐ. ஒயர் வளையவும் இடம் வேண்டும். ஸ்பீக்கர் ஒயரைச் சீவும்போது ஒரு இழைகூட வெளியே நீட்டி அடுத்த டெர்மினலைத் தொடக் கூடாது.

காசு கொடுக்கும் முன் அந்த மாடலின் மேனுவலை இறக்கி, கடைசிப் பக்கங்களில் இருக்கும் விவர அட்டவணையைப் படியுங்கள். உங்கள் ஸ்பீக்கரின் ஓம் அதில் அனுமதிக்கப்படவில்லை என்றால் அந்த ரிசீவர் உங்களுக்கு வேண்டாம்.